தம்பியின் போக்கர் ரிசல்ட் பக்கத்தை எப்படிப் படிப்பது? வீட்டில் ஆடுவதும் இதுவும் ஒன்றா?

மார்த்தாண்டம்_அக்கா:

வணக்கம். எனக்குச் சீட்டில் கழுதை ஆட்டம் தவிர வேறொன்றும் தெரியாது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 29 வயது. பெங்களூரில் ஐ.டி. வேலை. இரண்டு வருடமாகப் போக்கர் பைத்தியம். கோவாவுக்கு நாலு தடவை போய்வந்துவிட்டான். மாண்டவி ஆற்றில் நிற்கிற கேசினோ கப்பலில் டோர்னமென்ட் நடக்குமாம். போன வாரம் ஊருக்கு வந்தவன் சாப்பிட்ட கையோடு போனை என் முன்னால் நீட்டினான். ஒரு இணையப் பக்கம். அவன் பெயர், பக்கத்தில் நம் கொடி, கீழே ஐந்து வரி. ஒவ்வொன்றிலும் தேதி, ஊர், எத்தனையாவது இடம், எவ்வளவு பரிசு. 38,000, 52,000, 41,000, 64,000. கடைசியாக ஒரு மூன்றாம் இடம், 2,85,000. அடியில் மொத்தம்: 4,80,000.

"அக்கா, லீவு போட்டு ஆடினதுக்கே இவ்வளவு. வேலையை விட்டுட்டு முழுநேரமா ஆடினா என்ன வரும்னு யோசி" என்கிறான். யோசிப்பதற்கு என்னிடம் 4 லட்சம் கேட்கிறான். ஒரு வருடத்தில் திருப்பித் தருவானாம். நகையை வைத்தால் கிடைக்கும், அது அவனுக்கும் தெரியும்.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: சூது. சரி என்று நானும் அவனைத் திட்டப் போனால், "மொதல்ல அத்தானைக் கேளு" என்று வாயை அடைத்துவிட்டான். ஏனென்றால் என் வீட்டுக்காரர் ஞாயிறு சாயங்காலம் ஆனால் அவருடைய சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் இதே போக்கரைத்தான் ஆடுகிறார். 200 ரூபாயோடு போவார். சில நாள் 350 ரூபாயோடு வருவார், பல நாள் சும்மா வருவார்.

அந்தப் பக்கத்தில் இருப்பது உண்மையா? உண்மை என்றால் அவன் கேட்பதில் தப்பு என்ன? ரெண்டு ஆட்டமும் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவன் திங்கட்கிழமை ரயில் ஏறுகிறான்.

இரணியல்_ராசா:

பணம் கொடுக்காதீங்க. என் பெரியப்பா ரம்மியில் தென்னந்தோப்பைத் தொலைத்தவர். தோப்பு இப்போது இன்னொருவர் பெயரில் நன்றாகக் காய்க்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறோம். எங்கள் தெருவில் அதற்குப் பிறகு 28 என்கிற சீட்டாட்டம் மட்டும்தான். காசே கிடையாது, தோற்ற கட்சி காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். போக்கர், டோர்னமென்ட் எல்லாம் பெயர் மாற்றம்.

குளச்சல்_கப்பல்காரன்:

மக்களே, ராசா சொல்வதில் கோபம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் தம்பியிடம் போய் "சூது" என்று சொன்னால் அவன் அந்தப் பக்கத்தைத் திரும்ப நீட்டுவான். எண்ணுக்கு எண்ணால்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் 26 வருடம் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். போக்கர் கற்றது அங்கேதான், பிலிப்பைன்ஸ் பையன்களிடம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் மெஸ் ரூமில். காசு வைக்கக் கூடாது என்று கேப்டன் உத்தரவு. அதனால் சிகரெட்தான் காசு. புகை பிடிக்காத நான் முதல் காண்ட்ராக்ட் முடிந்து இறங்கும்போது ஏழு கார்ட்டன் சிகரெட் கடன். என் ஆட்டத்தின் தரத்தை இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கணக்கு எழுத நன்றாக வரும்.

அந்தப் பக்கம் பொய் இல்லை. பரிசு வாங்கிய நாட்கள் மட்டும் அதில் ஏறும், வெறுங்கையோடு எழுந்து வந்த நாள் ஏறவே ஏறாது. கடலுக்குப் போகிற ஒருத்தன், மீன் பட்ட அன்றைய ஏலச்சீட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, டீசல் பில், ஐஸ் பில், வலை ஒட்டிய கூலி எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டால் எப்படியோ, அப்படி. ஏலச்சீட்டு அத்தனையும் நிஜம்தான். அதைக் காட்டி படகுக்குக் கடன் கேட்டால் எங்கள் ஊரில் எவனும் தரமாட்டான்.

பெரிய இடத்து உதாரணமே சொல்கிறேன். லாஸ் வேகாஸில் வருடா வருடம் நடக்கிற வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் போட்டிகளில் மெயின் ஈவென்ட் என்று ஒன்று. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2024-ல் 10,112 பேர் கட்டினார்கள். முதல் பரிசு 1 கோடி டாலர், அதுதான் பேப்பரில் வரும். பரிசு கிடைத்தது மொத்தம் 1,517 பேருக்கு. அதிலும் கடைசிப் படியில் நின்றவர்களுக்கு 15,000 டாலர், அதாவது கட்டியதற்கு மேல் 5,000. மீதி 8,595 பேர்? அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இன்னொன்று, கட்டுகிற 10,000-ல் 9,300 தான் பரிசுத் தொகையில் சேரும். 700 நடத்துகிறவர்களுக்கு. ஆக, மேசையில் உட்காரும் முன்னாலேயே நூற்றுக்கு ஏழு போய்விட்டது.

இந்தப் பட்டியல்களில் காட்டுகிற மொத்தத்தில் நுழைவுத் தொகையும் கழிந்திருக்காது. அதே 2024-ல் பெங்களூர்க்காரர் சந்தோஷ் சுவர்ணா வேகாஸில் 54 லட்சம் டாலர் ஜெயித்தார். நம் ஆள் ஒருவர் என்று எனக்கும் சந்தோஷம்தான். அந்த ஆட்டத்துக்கு நுழைவே 2,50,000 டாலர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், இல்லையா? தம்பி உங்களிடம் மனிமேக்கர் கதையும் சொல்லியிருப்பான். எல்லாப் பையன்களும் சொல்வார்கள். 2003-ல் 86 டாலர் கட்டி இணையத்தில் ஒரு சின்ன ஆட்டத்தில் ஜெயித்து, அது வழியாக மெயின் ஈவென்டுக்குள் வந்து, 25 லட்சம் டாலர் வாங்கிய கணக்காளர். பிறவிப் பெயரே அதுதான். அந்த வருடம் 839 பேர் ஆடினார்கள். மற்ற 838 பேரின் கதையை எந்தப் பையனும் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். சீட்டு ஒன்று, விதி ஒன்று, ஆட்டம் மட்டும் வேறு. அவர் ஆடுவது கேஷ் கேம். சிப் (காசுக்குப் பதில் வைக்கிற வில்லை) என்றால் அப்படியே காசு. 20 ரூபாய் சிப் 20 ரூபாய். மழை வந்தால், பசித்தால், மனைவி போன் போட்டால் எழுந்துவிடலாம். டோர்னமென்டில் அது முடியாது. கொடுக்கிற சிப்புக்குக் காசு மதிப்பு கிடையாது. எல்லாம் போனால் ஆள் வெளியே. நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருக்கவும் விடமாட்டார்கள். பிளைண்டு என்று கட்டாயமாக வைக்கிற தொகை, மணியடித்த மாதிரி ஏறிக்கொண்டே போகும். சும்மா இருந்தாலே கரைந்துவிடுவீர்கள்.

எங்கள் திண்ணையில் நடந்த ஒரு கையைச் சொன்னால் புரியும். ஆறு பேர் ஆடுகிறோம். நான், விசைப்படகு வைத்திருக்கிற என் மச்சான், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், இன்னும் மூன்று பேர். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம் வந்தால் மச்சானுக்கு வேலை இல்லை, வாரம் மூன்று நாள் வந்து உட்கார்ந்துவிடுவார். அப்படி ஒரு நாள் என் கையில் ரெண்டு ராசா. எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரித்த மூன்று சீட்டு ராசா, எட்டு, மூன்று. எனக்கு மூன்று ராசா ஆயிற்று! முகத்தை மட்டும் கெட்டுப்போன சாளை மாதிரி வைத்துக்கொண்டு, இருந்த சிப் எல்லாவற்றையும் பந்தயமாகத் தள்ளினேன். மச்சானும் தள்ளினார். விரித்தால் அவர் கையில் ரெண்டு எட்டு. மூன்று எட்டு மூன்று ராசாவிடம் தோற்கும். அவர் பிழைக்க வேண்டுமென்றால் கட்டில் மிச்சமிருக்கிற ஒரே எட்டு வர வேண்டும். தெரியாத சீட்டு 45, அதில் ஒன்று. டீச்சர் அடுத்த சீட்டைத் திருப்பினார். எட்டு.

என் நஷ்டம் 120 ரூபாய். என் மனைவி வைத்திருக்கிற பழைய பிஸ்கட் டின்னில் இன்னொரு 200 போட்டு, அடுத்த சீட்டுக்கு உட்கார்ந்தேன். மரச்சீனியும் சாளைக் குழம்பும் வந்தபோது அதை மறந்தேவிட்டேன் (மறக்கவில்லை, இன்றும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்). இதே கை உங்கள் தம்பிக்குக் கோவாவில் வந்திருந்தால்? சரியாகத்தான் ஆடினான், ஒரு தப்பும் இல்லை, ஆனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி முழுப் பணம் கட்டி உள்ளே போயிருப்பான். அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் புல்லட். "இன்னிக்கு மூணு புல்லட் போட்டேன்" என்றால் மூன்று தடவை கட்டினேன் என்று அர்த்தம்.

ஆகவே அவனிடம் பரிசைப் பற்றிப் பேசாதீர்கள். ரெண்டு வருடத்தில் மொத்தம் எத்தனை புல்லட் என்று கேளுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், வங்கி ஸ்டேட்மென்டைத் திறக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த மூன்றாம் இடத்தில் முழுப் பங்கும் அவனுடையதா என்று கேளுங்கள். இவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் நண்பர்களுக்குப் பங்கு விற்பார்கள். அது தப்பில்லை, வழக்கம்தான். ஆனால் பக்கத்தில் முழுத் தொகையும் இவன் பெயரில்தான் ஏறும். கடைசி ரெண்டு மூன்று பேர் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொண்டிருந்தாலும் பக்கத்தைப் பார்த்து அது தெரியாமல் போகலாம்.

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருத்தருக்கு 200, ரெண்டு தடவைக்கு மேல் திரும்ப வாங்கக் கூடாது. நோட்டு என்னிடம். எழும்பும்போது எல்லார் லாப நஷ்டத்தையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஒரு நாள் 60 ரூபாய் குறைந்தது. திண்ணையைப் பெருக்கி, பாயை உதறி, மச்சானைச் சந்தேகப்பட்டு, அவர் கோபித்துக்கொண்டு செருப்பு மாட்டுகிற நேரம் என் பேரன் தீப்பெட்டி வண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். சக்கரம் மூன்று நீல சிப். நாலாவது சோடா மூடி. ஆறு வருட நோட்டில் டீச்சர் 4,310 ரூபாய் மேலே. நான் 1,860 கீழே. டீச்சர் ப்ளஃப் அடித்து (கையில் ஒன்றுமில்லாமல் பெரிய சீட்டு இருக்கிற மாதிரி பந்தயம் வைத்து) நான் பார்த்ததே இல்லை, அல்லது அடித்தது எனக்குத் தெரியவில்லை.

தக்கலை_குமாஸ்தா:

வக்கீல் ஆபீஸில் வேலை என்பதால் சட்டம் மட்டும் சொல்கிறேன், உபதேசம் இல்லை.

கோவாவில் கேசினோ லைசென்ஸ் வாங்கி நடத்துகிற தொழில். தம்பி அங்கே போய் ஆடுவதில் சட்டச் சிக்கல் இல்லை. இணையத்தில் பணம் கட்டி ஆடுவது வேறு கதை. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி மாநிலத் தடையிலிருந்து விலக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்றுவிட்டது. தண்டனை நடத்துபவருக்கும், விளம்பரம் செய்பவருக்கும், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான், ஆடுபவருக்கு இல்லை. "ஆன்லைனில் பிராக்டிஸ் செய்து சம்பாதிப்பேன்" என்று தம்பி சொன்னால், எந்தத் தளம் என்று கேளுங்கள்.

மொட்டை மாடிக்கு 1930-ம் வருடத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். அதில் சூதாட்ட விடுதி என்றால், இடத்தை வைத்திருப்பவர் அதில் லாபம் பார்க்கிற இடம். சித்தப்பா மேசைக் காசு, வாடகை, கமிஷன் என்று ஒரு ரூபாய்கூட எடுக்காமல் இருக்கட்டும். சாயாச் செலவைக்கூட வேறாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

வரியை யாரும் சொல்லவில்லையே. சீட்டாட்டப் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். தோற்ற ஆட்டங்களுக்குக் கட்டியதை அதில் கழித்துக்காட்ட வருமான வரியில் வழி இல்லை.

மார்த்தாண்டம்_அக்கா:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி சொன்ன மாதிரியே செய்தேன். நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் அவன் லேப்டாப், என் பழைய டைரி, கால்குலேட்டர். முதலில் முறைத்தான். பிறகு அவனே ஆர்வமாகிவிட்டான், எக்செல் போட்டுக் கூட்டுகிறேன் என்றான். வேண்டாம், நான் டைரியில் எழுதுகிறேன் என்றேன்.

நாலு பயணத்தில் 23 தடவை கட்டியிருக்கிறான். மொத்தம் 5,06,000. "இருபத்து மூணா?" என்று அவனே ரெண்டு தடவை எண்ணினான். பத்துப் பன்னிரண்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தானாம். விமானமும் ஓட்டலும் 72,000. ஆக 5,78,000 போயிருக்கிறது. பரிசு 4,80,000-ல் வரி 1,44,000 கழித்தால் கைக்கு வந்தது 3,36,000. அதாவது 2,42,000 நஷ்டம்.

அப்புறம் பங்கு பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மூன்றாம் இடத்தில் பாதி அவன் ரூம்மேட்டுடையது. நுழைவு 22,000-ல் 11,000 அவன் போட்டிருக்கிறான், பரிசில் வரி போக 99,750 வாங்கிக்கொண்டுவிட்டான். இதையும் சேர்த்தால் 3,30,750. அந்த எண்ணை எழுதி, அடியில் ரெண்டு கோடு போட்டு, டைரியை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். திட்டவில்லை. அம்மா திட்டினாள்.

நாகர்கோவில்_ரிவர்:

நானும் ஆடுகிறவன் என்பதால் தம்பி தரப்பில் ஒன்று. 23 ஆட்டத்தை வைத்து ஒருவன் நன்றாக ஆடுகிறானா என்று சொல்லவே முடியாது. டோர்னமென்டில் நல்ல ஆட்டக்காரனுக்கும் மாதக்கணக்கில் ஒன்றும் வராது, வருகிற பணத்தில் பெரும்பங்கு ஒன்றிரண்டு பெரிய இடங்களில்தான் வரும். அதனால் 3,30,750 நஷ்டம் என்பதால் அவன் மோசமான ஆட்டக்காரன் என்று முடிவு கட்டாதீர்கள். மூன்றாம் இடம் எல்லாம் சும்மா வராது.

குளச்சல்_கப்பல்காரன்:

ரிவர் தம்பி சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். 23 ஆட்டத்தால் அவன் திறமைசாலி இல்லை என்று சொல்ல முடியாதென்றால், திறமைசாலி என்றும் சொல்ல முடியாதுதானே? நகையை அந்த ரெண்டில் எதன்மேல் வைப்பது? நூறு, இருநூறு ஆட்டம் ஆடிப் பார்த்துத்தான் தெரியும் என்றால் அதற்கு அவன் சம்பளம் இருக்கிறது, வேலையை விடாமல் ஆடட்டும். சம்பளத்தில் போனால் ஒரு மாதச் சிரமம். அக்காவின் வளையலில் போனால் பத்து வருடத்துக்கு ஓணம், கிறிஸ்துமஸ் எதற்கும் வீட்டில் தலைகாட்ட முடியாது.

அக்கா, அவன் எப்போது கிளம்புகிறான்?

மார்த்தாண்டம்_அக்கா:

திங்கட்கிழமையே போய்விட்டான் அண்ணாச்சி, வேலைக்குத்தான். நகை பீரோவில் இருக்கிறது. போவதற்கு முந்தின நாள் ஞாயிறு, அத்தானோடு மாடிக்குப் போனான். டோர்னமென்ட்காரர் வருகிறார் என்று சித்தப்பா நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வைத்து, ஏற்பாடு எல்லாம் பலமாம். ஒன்றரை மணி நேரத்தில் 200 ரூபாயையும் விட்டுவிட்டு, "இவங்க எதுக்கும் சீட்டை மடக்கிட்டு விலக மாட்டேங்கறாங்க, இவங்ககிட்ட ப்ளஃப் செல்லாது" என்று புலம்பிக்கொண்டே இறங்கினான். மறுபடி வாங்கினாயா என்று கேட்டேன். இல்லையாம்.

இன்னொரு சங்கதி. டைரி விஷயம் மாடி வரைக்கும் போய்விட்டது. இனிமேல் அவர்கள் கணக்கையும் நானே எழுத வேண்டுமாம், சித்தப்பா சொல்லிவிட்டார். இந்த ஞாயிறுதான் முதல் தடவை. ஆடாமல் ஓரமாக உட்கார்ந்து எழுதினேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் வரவில்லை, 40 ரூபாய் கூடுதலாக வருகிறது. மூன்று தடவை கூட்டிவிட்டேன். குறைந்தால் பேரனைப் பிடிக்கலாம். கூடினால் யாரைப் பிடிப்பது?

குளச்சல்_கப்பல்காரன்:

கூடினால் பழைய சிப் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம் மக்களே. ஏதோ ஒரு ஞாயிறு யாரோ ரெண்டு சிப்பைப் பையில் போட்டபடியே வீட்டுக்குப் போய்விட்டு, இப்போது எடுத்து மேசையில் வைத்திருப்பார்கள். முதலில் உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குப் போட்டிருந்த சட்டை எது என்று பாருங்கள். துவைக்கப் போடும் முன்னால்.